புதிய குற்றவியல் சட்டங்கள்: ஸ்டேஷன் வாசலில் நிற்பவர் கேட்கும் கேள்விகள்

2024 ஜூலை 1 அன்று நாட்டின் மூன்று பெரிய குற்றவியல் சட்டங்கள் ஒரே இரவில் மாறின. அதற்குப் பிறகு டீக்கடையிலும் குடியிருப்போர் சங்கக் கூட்டத்திலும் வாட்ஸ்அப் குழுவிலும் திரும்பத் திரும்ப வருகிற கேள்விகள் இவை. நான் வக்கீல் இல்லை. அக்கம்பக்கத்தில் யாருக்காவது காவல் நிலையம் வரை துணை வேண்டுமென்றால் கூடப் போகிற ஆள். பதில்களும் அந்த இடத்தில் நின்று எழுதியவைதான். உங்கள் பெயரில் வழக்கே இருக்கிறது என்றால் இதைப் படித்ததோடு நிற்காமல் ஒரு வக்கீலையும் பாருங்கள்.

எந்தெந்தச் சட்டங்கள் மாறின?

1860-ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டம் போய் பாரதிய நியாய சன்ஹிதா (பி.என்.எஸ்.) வந்தது. 1973-இன் குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா (பி.என்.எஸ்.எஸ்.). 1872-இன் சாட்சியச் சட்டத்துக்குப் பதில் பாரதிய சாக்ஷிய அதினியம். முதல் சட்டம் எது குற்றம், என்ன தண்டனை என்று சொல்கிறது. இரண்டாவது போலீசும் கோர்ட்டும் எப்படி நடக்க வேண்டும் என்று சொல்கிறது. மூன்றாவது எதைச் சாட்சியமாக ஏற்கலாம் என்று சொல்கிறது.

மூன்றும் 2023 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் நிறைவேறின. அந்தக் கூட்டத்தொடரில் இரு அவைகளிலும் சேர்த்து 146 எதிர்க்கட்சி உறுப்பினர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டிருந்தார்கள். கோடிக்கணக்கான பேரைச் சிறைக்கு அனுப்பவோ விடுவிக்கவோ போகிற சட்டங்கள், எதிர்வரிசை பாதி காலியாக இருந்தபோது வாக்கெடுப்புக்கு வந்தன என்பதை மறக்க வேண்டாம்.

420, 302, 144 எல்லாம் என்ன ஆயின?

மோசடிக்கு இப்போது 318. கொலைக்கு 103. தடை உத்தரவு 144 இப்போது பி.என்.எஸ்.எஸ். 163. இனி யாரையாவது ‘நீ ஒரு 318’ என்று திட்டினால் அவருக்குக் கோபமே வராது. இது ஒன்றுதான் உடனடி நஷ்டம்.

எல்லாமே புதுசா, பழசுக்குப் புது அட்டையா?

பெரும்பகுதி பழசுதான். வரிக்கு வரி அப்படியே வந்த பிரிவுகள் ஏராளம். தண்டனைச் சட்டத்தின் 511 பிரிவுகள் பி.என்.எஸ்.ஸில் 358 ஆனது பெரும்பாலும் சேர்த்துக் கட்டியதால். அதனால் ‘காலனியச் சட்டம் ஒழிந்தது’ என்ற கொண்டாட்டத்தையும் நான் நம்பவில்லை, ‘எல்லாம் போச்சு’ என்ற ஒப்பாரியையும் நம்பவில்லை. மாறிய இடங்கள் கொஞ்சம்தான். ஆனால் அவற்றில் பல, போலீஸ் உங்களைத் தொடும் இடங்கள். அங்கேதான் கண் வைக்க வேண்டும்.

நல்லதும் இருக்கிறது. சோதனை, பறிமுதலை வீடியோ எடுக்க வேண்டும் என்கிறது பி.என்.எஸ்.எஸ். பிரிவு 105. விசாரணை எந்த அளவில் இருக்கிறது என்று புகார்தாரருக்கு 90 நாளுக்குள் சொல்ல வேண்டும். இதற்கு முன் எந்தக் குற்றத்திலும் தண்டிக்கப்படாதவர், அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கைக் கைதியாகவே கழித்துவிட்டால் பிணையில் விட வேண்டும் என்கிறது பிரிவு 479. முன்பு இது பாதியாக இருந்தது. பழைய கைதிகளுக்கும் இது பொருந்தும் என்று 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆயுள், மரண தண்டனைக் குற்றங்களுக்கு இந்தச் சலுகை கிடையாது. ஒருவர் மேல் ஒன்றுக்கு மேற்பட்ட வழக்கு நிலுவையில் இருந்தாலும் கிடையாது. நம் ஊரில் ஒரே ஆள் மேல் நாலு வழக்கு போடுவது எவ்வளவு சுலபம் என்று யோசித்தால் இந்தக் கடைசி விலக்கின் கனம் புரியும்.

பெயர்கள் ஏன் இந்தியில்?

சட்டங்களின் அதிகாரபூர்வ மூலம் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும் என்கிறது அரசியல் சாசனத்தின் 348-ஆவது உறுப்பு. உள்ளடக்கம் ஆங்கிலத்தில்தான் இருக்கிறது, பெயர் மட்டும்தானே என்பது ஒன்றிய அரசின் வாதம். தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் வழக்கறிஞர்கள் நீதிமன்றப் புறக்கணிப்பே நடத்தினார்கள். மாநிலத் திருத்தங்கள் என்னென்ன தேவை என்று பார்க்க ஓய்வுபெற்ற நீதிபதி எம். சத்தியநாராயணன் தலைமையில் தமிழ்நாடு அரசு ஒரு குழுவையும் அமைத்தது. பெயர்ச் சண்டை நியாயமானதுதான். ஆனால் பெயரோடு நின்றுவிட்டால் பிரிவு 187 தப்பித்துப்போகும். அது கீழே வருகிறது.

2024 ஜூலைக்கு முன் நடந்த சம்பவத்துக்கு எந்தச் சட்டம்?

குற்றம் நடந்த தேதிதான் கணக்கு. 2024 ஜூலை 1-க்கு முன் நடந்ததற்குப் பழைய தண்டனைச் சட்டமே. நேற்றுக் குற்றமாக இல்லாததை இன்று குற்றமாக்கி உங்களைத் தண்டிக்க முடியாது என்பது அரசியல் சாசனத்தின் 20-ஆவது உறுப்பு. ஆகவே இன்னும் பல வருடங்களுக்கு கோர்ட்டுகளில் இரண்டு சட்டங்களும் அக்கம்பக்கமாக ஓடும்.

புகார் கொடுத்தால் எப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டுமா?

அதிகம் கேட்கப்படுவது இதுதான், பதிலும் கொஞ்சம் நீளம்.

2013-இல் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு தெளிவாகச் சொன்னது: பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம் நடந்ததாகப் புகார் சொன்னால் எப்.ஐ.ஆர். பதிவு செய்வது கட்டாயம். குடும்பத் தகராறு, வணிகத் தகராறு, மருத்துவ அலட்சியம் போன்ற சில வகைகளில் மட்டும் முதற்கட்ட விசாரணைக்கு இடம் கொடுத்தது.

பி.என்.எஸ்.எஸ். 173(3) இந்த இடைவெளியை அகலமாக்கியிருக்கிறது. மூன்று வருடம் முதல் ஏழு வருடத்துக்குக் குறைவான தண்டனை உள்ள குற்றங்களில், டி.எஸ்.பி. அனுமதியோடு 14 நாள் முதற்கட்ட விசாரணை நடத்திவிட்டு முடிவு செய்யலாம். திருட்டும் பறிப்பும் மூன்று வருடத் தண்டனைக் குற்றங்கள். சாதாரண மனிதன் வாழ்க்கையில் ஒரு தடவை ஸ்டேஷன் படியேறுகிறான் என்றால் பெரும்பாலும் இந்த மாதிரி விஷயத்துக்குத்தான். அது கச்சிதமாக இந்த வளையத்துக்குள் விழுகிறது.

எங்கள் தெருவில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு அக்கா பஸ் ஸ்டாப்பில் நின்று போன் பேசிக்கொண்டிருந்தார். பைக்கில் வந்த இருவர் போனைப் பறித்துக்கொண்டு போய்விட்டார்கள். ஸ்டேஷனில் ரைட்டர் புகாரைப் படித்துவிட்டு, “ஏம்மா, பறிச்சுட்டாங்கன்னு எழுதுனா கேஸு, கோர்ட்டுன்னு அலையணும். தொலைஞ்சுபோச்சுன்னு எழுதிக் குடுங்க, புது சிம்முக்கு அது போதும்” என்றார். குரலில் அதட்டலே இல்லை, நமக்கு நல்லது செய்கிற தொனிதான். அந்த அக்கா பேனாவை எடுத்துவிட்டார். நான்தான் அவர் கையைப் பிடித்து, ‘பறித்தார்கள்’ என்றே இருக்கட்டும் என்றேன். புதிய சட்டத்தில் பறிப்பு தனிக் குற்றம், பி.என்.எஸ். பிரிவு 304. பழைய சட்டத்தில் தனியாக இருந்ததில்லை. அன்று கிடைத்தது சி.எஸ்.ஆர். ரசீது மட்டும். உள்ளங்கை அகலச் சீட்டு, வரிசை எண், தேதி, ஒரு முத்திரை. டி.எஸ்.பி. அலுவலகத்துக்கு மனு போன பிறகுதான் எப்.ஐ.ஆர். வந்தது.

சி.எஸ்.ஆர். என்பது புகார் வாங்கிக்கொண்டோம் என்பதற்கான சீட்டு. அதை வைத்து யாரையும் கைது செய்ய முடியாது, வழக்கும் நடக்காது. ஆனாலும் வாங்காமல் வராதீர்கள். ‘வந்தேன், சொன்னேன்’ என்பதற்கு வேறு ஆதாரம் இருக்காது.

எப்.ஐ.ஆர். மறுத்தால் 173(4)-இன்படி புகாரை எழுத்தில் எஸ்.பி.க்கு அனுப்புங்கள், நகரம் என்றால் ஆணையர் அலுவலகத்துக்கு. பதிவுத் தபால் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் நீதித்துறை நடுவரிடம் மனு. எப்.ஐ.ஆர். பதிவானால் நகல் இலவசம். ‘ஜெராக்ஸ் காசு’ கேட்டால் சிரித்துக்கொண்டே 173(2) என்று சொல்லுங்கள்.

எங்கள் எல்லை இல்லை என்று திருப்பி அனுப்புகிறார்களே?

அனுப்பக் கூடாது. சம்பவம் எங்கே நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் புகார் பதியலாம். ஜீரோ எப்.ஐ.ஆர். என்ற இந்த நடைமுறை முன்பு உத்தரவுகளில் மட்டும் இருந்தது, இப்போது சட்டத்திலேயே ஏறிவிட்டது. மின்னஞ்சல் போன்ற வழியிலும் புகார் அனுப்பலாம். மூன்று நாளுக்குள் நேரில் போய்க் கையெழுத்திட வேண்டும்.

‘சும்மா விசாரிக்கணும், ஸ்டேஷனுக்கு வா’ என்று போன் வந்தால்?

எந்த வழக்கு, எந்தப் பிரிவு, சாட்சியாகவா குற்றம் சாட்டப்பட்டவராகவா என்று கேளுங்கள். எழுத்தில் நோட்டீஸ் தரச் சொல்லுங்கள். சாட்சியாகக் கூப்பிடுவதற்குப் பிரிவு 179. அதன்படி பெண்களையும், 15 வயதுக்குட்பட்டவர்களையும், 60 வயதைத் தாண்டியவர்களையும், மாற்றுத்திறனாளிகளையும், கடுமையாக உடல்நலம் குன்றியவர்களையும் அவர்கள் வீட்டில் வைத்துத்தான் விசாரிக்க வேண்டும். அவர்களே விரும்பினால் ஸ்டேஷனுக்கு வரலாம். முன்பு இந்த வயது வரம்பு 65. நம் பக்கத்தில் மகனைத் தேடி வந்து அம்மாவை ஜீப்பில் ஏற்றுகிற வழக்கம் இருக்கிறதே, அதற்கு எந்தப் பிரிவும் இடம் தரவில்லை.

குற்றம் சாட்டப்பட்டவராகக் கூப்பிடுவதற்குப் பிரிவு 35(3) நோட்டீஸ். பழைய 41ஏ. இதை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் செல்லாது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. நோட்டீஸுக்கு ஒழுங்காகப் போய்க்கொண்டிருக்கிறவரைக் கைது செய்வதென்றால் காரணத்தைப் பதிவு செய்ய வேண்டும்.

காகிதத்தை இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. 2025 ஜூனில் சிவகங்கை மாவட்டம் திருப்புவனத்தில், நகை காணாமல் போன ஒரு புகாருக்காக மடப்புரம் கோயில் காவலாளியைத் தனிப்படை அழைத்துப்போனது. அவர் உயிரோடு திரும்பவில்லை. உடலில் 44 காயங்கள் இருந்ததை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை எடுத்துக்காட்டியது. ஐந்து போலீசார் கைதானார்கள், வழக்கு சி.பி.ஐ.க்குப் போனது. 2020-இல் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் இறந்தபோது, ஸ்டேஷனின் கண்காணிப்புக் கேமராப் பதிவு தினமும் தானாக அழியும்படி வைக்கப்பட்டிருந்தது என்று விசாரித்த நீதித்துறை நடுவர் அறிக்கை கொடுத்தார். ‘சும்மா விசாரணை’ என்ற சொல்லுக்குச் சட்டத்தில் இடமே கிடையாது. பதிவேட்டில் ஏறாத நேரம்தான் ஆபத்தான நேரம்.

தனியாகப் போகாதீர்கள். கூட ஒருவர் வெளியே நிற்கட்டும், உள்ளே போன நேரத்தை யாருக்காவது ஒரு குறுஞ்செய்தியாக அனுப்பிவிடுங்கள்.

கைது செய்தால் என்னென்ன கேட்கலாம்?

காரணத்தை எழுத்தில் கேட்கலாம், அதுவும் உங்களுக்குப் புரிகிற மொழியில். முதலில் பணமோசடித் தடுப்பு வழக்குகளுக்கு (2023), பிறகு உபா எனப்படும் சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்ட வழக்குகளுக்கு (2024), கடைசியில் 2025 நவம்பரில் எல்லாக் குற்றங்களுக்கும் என்று உச்ச நீதிமன்றம் படிப்படியாக இதை விரித்தது. உடனே எழுதித் தர முடியாத சூழ்நிலை என்றால், நடுவர் முன் நிறுத்துவதற்கு இரண்டு மணி நேரம் முன்பாவது தர வேண்டும். தரவில்லை என்றால் கைதே செல்லாது.

உறவினர் அல்லது நண்பர் ஒருவருக்குத் தகவல் சொல்ல வேண்டும். விசாரணையின்போது வக்கீலைச் சந்திக்கலாம், விசாரணை முழுக்க அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க முடியாது. 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும், பயண நேரம் தவிர. சூரியன் மறைந்த பிறகு பெண்ணைக் கைது செய்வதென்றால் அது விதிவிலக்கான சூழ்நிலையாக இருக்க வேண்டும், பெண் காவலர் வேண்டும், நடுவரின் முன் அனுமதி வேண்டும். மூன்று வருடத்துக்குக் குறைவான தண்டனைக் குற்றம், ஆளுக்கு 60 வயதைத் தாண்டிவிட்டது அல்லது உடல் தளர்ந்தவர் என்றால் டி.எஸ்.பி. அனுமதி இல்லாமல் கைது கூடாது. இந்தக் கடைசி விதி புதிது, நல்லது. தெருச் சண்டையில் தாத்தாவையும் சேர்த்து இழுத்துப் போவது இதனால் கொஞ்சம் குறையலாம்.

நடுவர் முன் நிறுத்தும்போது “அடித்தார்களா?” என்று கேட்பார். பின்னால் போலீஸ் நிற்கும். அங்கே “இல்லை” என்று சொல்லிவிட்டு ஆறு மாதம் கழித்து உயர் நீதிமன்றத்தில் “அடித்தார்கள்” என்றால் கஷ்டம். சொல்ல வேண்டிய இடம் அதுதான்.

போலீஸ் காவல் 90 நாள் ஆகிவிட்டது என்கிறார்களே, உண்மையா?

முழு உண்மை இல்லை, முழுப் பொய்யும் இல்லை. என்னைக் கேட்டால் மூன்று சட்டங்களிலும் சேர்த்துக் கவலைப்பட வேண்டிய ஒரே பிரிவைச் சொல் என்றால் 187-ஐத்தான் சொல்வேன்.

பழைய சட்டத்தில் கைதான முதல் 15 நாளுக்குள்தான் போலீஸ் காவலில் எடுக்க முடியும். அதற்குப் பிறகு சிறையில் நீதிமன்றக் காவல்தான். ஒரு தடவை ஜெயிலுக்குள் போய் இரண்டு வாரம் தாண்டிவிட்டால் போலீஸ் கை மறுபடி மேலே படாது என்ற நிம்மதி இருந்தது. 1992-இல் உச்ச நீதிமன்றமே இதை உறுதி செய்திருந்தது.

இப்போதும் மொத்தம் 15 நாள்தான். ஆனால் அதைத் துண்டு துண்டாக எடுக்கலாம். குற்றத்தைப் பொறுத்து முதல் 40 நாளிலோ 60 நாளிலோ எப்போது வேண்டுமானாலும் கேட்கலாம். மூன்று நாள் எடுத்து, ஜெயிலுக்கு அனுப்பி, மறுபடி இரண்டு நாள் எடுக்கலாம். பெரிய சதி வழக்குகளில் புதுத் தகவல் பிறகுதான் வரும், அப்போது ஆளை விசாரிக்க வழி வேண்டாமா என்று போலீஸ் தரப்பு கேட்கிறது. அதில் கொஞ்சம் நியாயம் உண்டு. ஆனால் உள்ளே இருப்பவர் பக்கத்திலிருந்து பாருங்கள். ‘இன்னும் பத்து நாள் பாக்கி இருக்கு’ என்ற ஒரு வாக்கியம் போதும், அவர் வாயைத் திறக்கவும் மூடவும். பிணை கேட்கும்போது ‘இன்னும் காவலில் எடுக்க வேண்டியிருக்கிறது’ என்ற காரணமும் அரசுத் தரப்புக்குக் கையில் கிடைக்கிறது. அது மட்டுமே பிணையை மறுக்கக் காரணமாகாது என்று பிரிவு 480-இல் எழுதியிருக்கிறது. எழுதியிருப்பது ஒன்று, ஒரு திங்கட்கிழமைக் காலையில் நெரிசலான கோர்ட்டில் நடப்பது இன்னொன்று.

60 அல்லது 90 நாளுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யாவிட்டால் பிணையில் வெளிவரும் உரிமை பழையபடியே இருக்கிறது. நாளை எண்ணிக்கொண்டிருங்கள். அதற்கு மனு போட வேண்டும், தானாக யாரும் கதவைத் திறக்க மாட்டார்கள்.

கைவிலங்கு போடலாமா?

1980-இல் பிரேம் சங்கர் சுக்லா வழக்கில், கைவிலங்கு மனிதத்தன்மை அற்றது, வேறு வழியே இல்லாதபோதுதான் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. புதிய சட்டத்தின் 43(3) ஒரு பட்டியலையே கொடுத்து அனுமதிக்கிறது: தொடர் குற்றவாளி, காவலிலிருந்து தப்பியவர், கொலை, பாலியல் வன்கொடுமை, போதைப்பொருள், பயங்கரவாதம், அரசுக்கு எதிரான குற்றம் என்று நீள்கிறது. முதல் வரைவில் பொருளாதாரக் குற்றங்களும் இருந்தன, பிறகு எடுத்துவிட்டார்கள். யாருடைய கைகளுக்குக் கரிசனம் காட்டப்பட்டது என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

போனைக் கொடு, பாஸ்வேர்டைச் சொல் என்றால்?

ராத்திரி வாகனச் சோதனையில் நிறுத்தி, எந்த வழக்கும் இல்லாமல் ‘வாட்ஸ்அப்பைத் திற’ என்று சொல்ல அதிகாரம் கிடையாது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்டில் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்ன பிறகு இதில் சந்தேகமே வேண்டாம்.

வழக்கு என்று வந்துவிட்டால் கதை வேறு. டிஜிட்டல் ஆதாரம் இருக்கக்கூடிய கருவிகளை ஒப்படைக்கச் சொல்லும் அதிகாரம் பிரிவு 94-இல் வெளிப்படையாகவே சேர்க்கப்பட்டிருக்கிறது. ஒரு காலத்தில் பறிமுதல் என்றால் அரிவாள், ரத்தக்கறை வேட்டி. இப்போது போன். அதற்குள் உங்கள் வங்கிக் கணக்கு, மருத்துவ அறிக்கை, மனைவியோடு போட்ட சண்டை, பத்து வருடப் படங்கள் எல்லாம் இருக்கின்றன. இரண்டுக்கும் ஒரே அளவு பாதுகாப்பைத்தான் சட்டம் வைத்திருக்கிறது. இது அவசரமாகச் சரிசெய்ய வேண்டிய ஓட்டை.

பாஸ்வேர்டைச் சொல்லக் கட்டாயப்படுத்துவது, தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்ல வைப்பதா என்பதில் நீதிமன்றங்கள் இன்னும் ஒரே குரலில் பேசவில்லை. போனை எடுத்தார்களானால் மகஜரில் (பறிமுதல் செய்ததை எழுதும் தாளில்) போனின் தனி அடையாளமான ஐ.எம்.இ.ஐ. எண் ஏறியிருக்கிறதா, நகல் எடுத்தால் ஹாஷ் மதிப்பு எழுதினார்களா என்று பாருங்கள். ஹாஷ் என்பது அந்தத் தரவின் கைரேகை மாதிரி. உள்ளே ஒரு எழுத்து மாறினாலும் அது மாறிவிடும். சாக்ஷிய அதினியத்தின் 63-ஆவது பிரிவுச் சான்றிதழில் இதற்கு இடம் இருக்கிறது.

தேசத்துரோகச் சட்டம் போய்விட்டதா இல்லையா?

124ஏ என்ற எண் போய்விட்டது. 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் அதை நிறுத்தி வைத்திருந்தது. பதிலுக்கு வந்தது பி.என்.எஸ். 152: நாட்டின் இறையாண்மை, ஒற்றுமை, ஒருமைப்பாட்டுக்கு ஆபத்து விளைவிக்கும் செயல்கள். ‘அரசின் மீது வெறுப்பைத் தூண்டுவது’ என்ற பழைய வாசகம் இல்லை, அது முன்னேற்றம். ஆனால் ‘பிரிவினை நடவடிக்கை உணர்வுகளை ஊக்குவிப்பது’ என்ற வாசகம் இருக்கிறது. உணர்வை எந்தத் தராசில் நிறுப்பது? மின்னணுத் தகவல் தொடர்பையும் சேர்த்திருக்கிறார்கள், அதாவது உங்கள் ஃபார்வர்டு. ஆயுள் தண்டனைக்கு அடுத்த தண்டனை முன்பு மூன்று வருடம், இப்போது ஏழு.

அரசின் நடவடிக்கையைச் சட்டபூர்வமாக மாற்றக் கோரி விமர்சிப்பது குற்றமாகாது என்ற விளக்கமும் உண்டு. நியாயமான எதிர்ப்புக் குரலை அடக்க இந்தப் பிரிவைப் பயன்படுத்தக் கூடாது என்று 2024 டிசம்பரில் ராஜஸ்தான் உயர் நீதிமன்றம் எச்சரித்தது. பிரிவே செல்லுமா என்ற கேள்வி உச்ச நீதிமன்றத்துக்கும் போயிருக்கிறது.

பேச்சு, எழுத்து தொடர்பான வழக்குகளில் 173(3) நமக்கு உதவுகிற ஒரு விசித்திரமும் நடந்திருக்கிறது. 2025 மார்ச்சில், ஒரு கவிதைப் பதிவுக்காக நாடாளுமன்ற உறுப்பினர் இம்ரான் பிரதாப்கடி மீது குஜராத் போலீஸ் போட்ட எப்.ஐ.ஆரை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. இப்படிப்பட்ட புகார்களில் உடனே எப்.ஐ.ஆர். போடாமல் முதற்கட்ட விசாரணை நடத்திப் பாருங்கள் என்று அப்போது சொன்னது. பறிப்புப் புகாரில் நம்மை அலைக்கழிக்கிற அதே பிரிவு!

இன்னொன்று. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவில் வழக்கு என்று யாராவது மிரட்டினால் பயப்பட வேண்டாம். அந்தப் பிரிவு 2015 மார்ச் 24-இல் செத்துவிட்டது. செத்த பிறகும் பல வருடம் அதில் வழக்குகள் பதிவாகிக்கொண்டிருந்தன என்பது தனிக் கூத்து.

ஆர்ப்பாட்டம் நடத்த அனுமதி வாங்கியே ஆக வேண்டுமா?

அமைதியாக, ஆயுதமின்றிக் கூடுவது உரிமை. எங்கே, எப்போது என்பதை ஒழுங்குபடுத்தத்தான் அரசுக்கு அதிகாரம். சென்னை போன்ற மாநகரங்களில் 1888-ஆம் ஆண்டு நகரக் காவல் சட்டத்தின் 41-ஆவது பிரிவின்படி ஐந்து நாள் முன்பே மனு கொடுக்க வேண்டும். மாவட்டங்களில் காவல் சட்டம் 30(2) மாதக்கணக்கில் அமலில் இருக்கும். காலனியச் சட்டங்களைத் துடைத்துவிட்டோம் என்கிறார்களே, தெருவில் நிற்கும் உரிமையைத் தீர்மானிக்கும் இந்த விக்டோரியா காலத்துச் சட்டங்களை யாரும் தொடவில்லை. எந்தக் கட்சி ஆட்சியில் இருந்தாலும் இவை அவர்களுக்குச் செல்லம்.

மறுத்தால் மறுப்பை எழுத்தில் வாங்குங்கள், காரணத்தோடு. அந்தத் தாள் இருந்தால்தான் உயர் நீதிமன்றம் போக முடியும். பல ஊர்களில் கடைசி நாள் ராத்திரி வரை பதிலே சொல்லாமல் இழுப்பார்கள், அதற்கும் இதுதான் காரணம்.

பி.என்.எஸ்.எஸ். 172 புதிது. போலீசின் சட்டபூர்வமான உத்தரவுக்கு எல்லோரும் கட்டுப்பட வேண்டும், மறுப்பவரை அப்புறப்படுத்தலாம், பிடித்து வைக்கலாம், சிறு விஷயமென்றால் 24 மணி நேரத்துக்குள் விட்டுவிடலாம் என்கிறது. கல்யாண மண்டபத்தில் அடைத்து மாலையில் விடுவிக்கிற நம் ஊர் வழக்கத்துக்கு இப்போது ஒரு பிரிவு எண் கிடைத்துவிட்டது.

உண்ணாவிரதம் குற்றமா?

பொதுவாக இல்லை. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய 309 நீக்கப்பட்டது, வரவேற்க வேண்டியது. ஆனால் அரசு ஊழியரை ஒன்றைச் செய்யவோ செய்யாமலிருக்கவோ கட்டாயப்படுத்தும் நோக்கில் தற்கொலைக்கு முயன்றால் ஒரு வருடம் வரை சிறை அல்லது சமூக சேவை என்று பி.என்.எஸ். 226 சொல்கிறது. ஒருநாள் அடையாள உண்ணாவிரதத்துக்கு இது வராது. சாகும்வரை உண்ணாவிரதம் என்றால் போலீஸ் இதைக் கையில் எடுக்கும். 1956-இல் தமிழ்நாடு என்ற பெயருக்காக விருதுநகரில் உண்ணாமல் கிடந்து உயிர்விட்ட சங்கரலிங்கனார் இன்று இருந்தால் இந்தப் பிரிவில்தான் எழுதியிருப்பார்கள்.

குண்டாஸும் மாறிவிட்டதா?

இல்லை. குண்டாஸ் என்று நாம் சொல்கிற, தமிழ்நாட்டின் 1982-ஆம் ஆண்டு 14-ஆவது சட்டம் அப்படியே இருக்கிறது. ஒன்றியச் சட்டங்களைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறவர்கள்கூட இதைப் பற்றி வாய் திறப்பதில்லை. கள்ளச்சாராயத்துக்கும் ரௌடிகளுக்கும் என்று வந்த சட்டம் மணல், திருட்டு வீடியோ, இணையக் குற்றம் என்று அகன்றுகொண்டே போனது. விசாரணை இல்லாமல் ஒரு வருடம் வரை அடைத்து வைக்கலாம். அடைத்தது சரியா என்று பார்க்கிற அறிவுரைக் குழுமத்தின் முன் வக்கீல் வைத்து வாதாடும் உரிமைகூடக் கிடையாது.

ஆட்கொணர்வு மனு போட்டால் கணிசமானவை ரத்தாகின்றன. காரணங்களைப் பாருங்கள்: கொடுத்த ஆவணம் படிக்க முடியாத ஜெராக்ஸ், தமிழ் மொழிபெயர்ப்பு இல்லை, முறையீட்டைப் பரிசீலிக்கத் தாமதம். ஆனால் ரத்து உத்தரவு வருவதற்குள் மாதங்கள் ஓடிவிடும். அந்த மாதங்கள்தான் தண்டனை. குண்டாஸ் உத்தரவு கிடைத்தால், அதோடு வந்த கட்டின் ஒவ்வொரு பக்கமும் படிக்க முடிகிறதா என்று முதல் நாளே பாருங்கள்.

கைரேகை, கண் படம் எல்லாம் எடுக்கிறார்களே?

2022-இன் குற்றவியல் நடைமுறை (அடையாளம்) சட்டம் அதற்கு வழி செய்கிறது. பதிவுகளை 75 வருடம் வைத்திருக்கலாம், நம்மில் பலர் அதற்குள் போய்ச் சேர்ந்துவிடுவோம். ஏழு வருடத்துக்குக் குறைவான தண்டனைக் குற்றத்தில், பெண்கள், குழந்தைகளுக்கு எதிரான குற்றமாக இல்லாதபட்சத்தில், ரத்தம் போன்ற உயிரியல் மாதிரி தர மறுக்கலாம். விடுதலையானால் பதிவை அழிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது, அழித்தார்களா என்று நீங்கள்தான் கேட்டுப் பார்க்க வேண்டும்.

தகவல் உரிமைச் சட்டத்தை முடக்கிவிட்டார்களாமே?

முடக்கவில்லை, கை ஒன்றைக் கட்டிவிட்டார்கள். 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவைத் திருத்தியது. 2025 நவம்பரில் அது அமலுக்கு வந்தது. முன்பு தனிநபர் தகவலாக இருந்தாலும் பொதுப்பணியோடு தொடர்பு இருந்தாலோ, பெரிய பொதுநலன் இருந்தாலோ அந்தப் பிரிவின்படியே தர வேண்டும். இப்போது ‘தனிநபர் தகவல்’ என்ற ஒரு வார்த்தையோடு கதவைச் சாத்தலாம். நூறு நாள் வேலையில் யார் பெயரில் பணம் எடுக்கப்பட்டது, ஒப்பந்தக்காரர் யார் என்று கேட்டாலும் அது யாரோ ஒருவரின் பெயர்தானே? பொதுநலன் பெரிதென்றால் தரலாம் என்ற 8(2) இன்னும் உயிரோடு இருக்கிறது. மனு எழுதும்போது அந்தப் பிரிவைக் குறிப்பிட்டு, என்ன பொதுநலன் என்று இரண்டு வரி சேர்த்துவிடுங்கள்.

வக்கீலுக்குக் காசு இல்லை, என்ன செய்வது?

1987-இன் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின்படி பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச வக்கீல் உண்டு. மற்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே அலுவலகம் இருக்கும், தாலுகா அளவிலும் உண்டு. போன் என்றால் 15100. நடுவர் முன் முதல்முறை நிறுத்தும்போதே ‘எனக்கு வக்கீல் இல்லை’ என்று சொன்னால் அவர் ஏற்பாடு செய்ய வேண்டும். இலவச வக்கீல் சரியாகப் பார்க்க மாட்டார் என்ற பேச்சு உண்டு. சிலர் அப்படித்தான், சிலர் காசு வாங்குகிறவர்களைவிட நன்றாகப் பார்க்கிறார்கள். சரியில்லை என்று தோன்றினால் மாற்றித் தரச் சொல்லி அதே அலுவலகத்தில் மனு கொடுக்கலாம். அதற்கும் ஒரு ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.